உங்கள் சிநேகிதியை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு நாற்பது வயது. பிறந்தது இலங்கையில், மன்னார் மாவட்டம். 1990-இல், ஐந்து வயதில், போருக்குத் தப்பி அப்பா அம்மாவோடு படகேறி வந்தேன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் வைத்திருந்துவிட்டுக் காரைக்குடிப் பக்கம் ஓர் அகதி முகாமுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறோம். அம்மா இங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டா. என் கணவரும் அதே வருடம் படகில் வந்தவர். மகள் இங்கே பிறந்து கல்லூரியில் படிக்கிறாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு ஒரு சிநேகிதி. நகரத்தார் வீட்டுப் பெண். இப்போது சென்னையில் இருக்கிறாள். ஊரில் அவர்களுடைய பெரிய வீடு வருடம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். சாவி என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் போய்த் திறந்து, கூட்டித் துடைத்து, விளக்கு வைத்துவிட்டு வருவேன். வேண்டாம் என்று சொன்னாலும் மாதம் மூவாயிரம் ரூபாய் போட்டுவிடுகிறாள்.

என் தம்பி 2017-இல் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான். அப்பாவுக்கு 74 வயது. 'ஊரில போய்த்தான் சாகோணும்' என்று நின்றுகொண்டிருக்கிறார். எல்லாரும் போவதா வேண்டாமா என்று நாங்கள் யோசிப்பதைச் சிநேகிதியிடம் சொன்னேன். 'எங்க ஐயாவும் பர்மாவுல எல்லாத்தையும் விட்டுட்டு நடந்தே வந்தவுகதான். மறந்துட்டு வாழலையா? இதுதான்டி உன் வீடு, எங்கே போறே?' என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நாலு மாதமாகப் பேச்சில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் போய்க் கதவைத் திறந்துவிட்டு வருகிறேன். சாவி என் கையில் இருக்கிற அந்த வீட்டில் நான் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. அவளுடைய கல்யாணத்தின்போதும் பாதியில் வந்துவிட்டேன். அது 2006. முகாமில் கெடுபிடி அதிகம், ஆள் எண்ணும் நேரத்துக்கு உள்ளே இருக்க வேண்டும். அவளிடம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். இன்றுவரை குத்திக் காட்டுவாள். என் வீடு எது? நான் நன்றி கெட்டவளா?"

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. முப்பது வருடமாக நன்றி சொல்லிச் சொல்லியே களைத்துப் போனவர். அரசாங்கத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வேலை கொடுத்தவர்களுக்கு, ஊருக்கு, கடைசியில் உயிர்ச் சிநேகிதிக்கும். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் கோபப்படுவதில்லை. அடக்கி வைத்த கோபமெல்லாம் சேர்ந்து ஒருநாள் மிக நெருங்கியவர் மீது இறங்கும். காரைக்குடியில் ஆலோசகராக இருந்துகொண்டு உங்கள் முகாம்களிலிருந்து வரும் பெண்களோடு பேசுகிறவள் நான். இந்தக் கோபத்தைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாருமே உங்களைப் போல அதைக் குற்றமாக நினைத்து மறைக்கிறார்கள்.

உங்கள் சிநேகிதி சொன்னதை எடுத்துக்கொள்வோம். பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையைக் கேட்காத வீடு செட்டிநாட்டில் குறைவு. 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஓட்டம் தொடங்கியது. 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் பக்கமாகவும் மணிப்பூர் பக்கமாகவும் காட்டிலும் மலையிலும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். முப்பதுகளின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு விளைநிலம் நகரத்தார்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1948-இல் பர்மா விடுதலையானதும் வந்த நில தேசியமயச் சட்டம், 1962-இல் ராணுவ ஆட்சி, 1964-இல் கடை கண்ணிகளையும் அரசு எடுத்துக்கொண்டது என்று எல்லாம் போனது. அவருடைய ஐயா, அதாவது தாத்தா, பட்டது சின்னத் துன்பம் இல்லை.

ஆனால் அவர் நடந்து வந்து சேர்ந்தது தன் சொந்த வீட்டு முகப்புக்கு. வளவில் அவருக்கென்று ஓர் அறை பூட்டியபடி காத்திருந்தது. சுற்றிலும் பங்காளிகள். கல்யாணமான நாளிலிருந்து நகரக் கோவிலில் அவர் ஒரு புள்ளி, அதாவது குடும்பக் கணக்கில் ஒரு பெயர். ரங்கூனில் இருந்தாலும் மலாயாவில் இருந்தாலும் அந்தக் கணக்கிலிருந்து ஒருவர் பெயர் விழுவதில்லை. அவர் சொத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர். உங்கள் அப்பா வீட்டை விட்டுவிட்டுப் படகேறியவர். மண்டபத்தில் இறங்கியபோது அவர் பெயரைப் புதிதாகத்தான் எழுதினார்கள், எண்ணோடு. இரண்டு பேரும் நடுக்கத்தோடு நாடு கடந்தவர்கள்தான். போன திசை வேறு. அதைத்தான் உங்கள் மனம் உணர்ந்தது, வாய்க்கு வார்த்தை கிடைக்கவில்லை.

மறந்துவிட்டு வாழ்ந்தார்கள் என்பதும் சரியில்லை. இந்த ஊர்களில் இரும்புப் பெட்டிக்குள் பர்மா நிலப் பத்திரங்களை இன்னும் வைத்திருக்கிறார்கள், ஒரு காசு பெறாது என்று தெரிந்தும். விசேஷத்துக்குப் பர்மாவை நினைவூட்டும் கவுனி அரிசி வைக்கிறார்கள். ரங்கூன் முகல் தெருவில் எந்தக் கிட்டங்கிக்கு (வணிகக் கடைக்கு) பக்கத்தில் எந்தக் கிட்டங்கி என்று வரிசையாகச் சொல்லும் பெரியவர்கள் அண்மைக் காலம்வரை இருந்தார்கள். உங்கள் சிநேகிதியின் வீட்டுத் தூண்களே பர்மாத் தேக்காக இருக்கும், நீங்கள்தான் வாராவாரம் துடைக்கிறீர்கள். அந்தக் குடும்பம் எதையும் மறக்கவில்லை. மறக்காமலே வாழ அவர்களுக்கு இடமிருந்தது. உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1772-இல் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் மாண்ட பிறகு அவர் மனைவி வேலுநாச்சியார் சீமையை விட்டு ஓட வேண்டியதாயிற்று. எட்டு வருடம் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில், அவ்வூர்ப் பாளையக்காரர் கோபால நாயக்கரின் ஆதரவில் இருந்தார். ஹைதர் அலியும் துணை நின்றார். 1780-இல் சிவகங்கையை மீட்டார். எனக்கு அந்த வரலாற்றில் வாளைவிட விருப்பாட்சிதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே வேலுநாச்சியார் திரும்பிப் போகும் எண்ணத்தோடே எட்டு வருடம் வாழ முடிந்திருக்கிறது. திரும்புவதற்கும் அதே நாயக்கர் துணை இருந்திருக்கிறார்.

இன்னொருவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1801 அக்டோபரில், கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்த மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியையும் இன்னும் பலரையும் 1802-இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயதுபோல. வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, ஒரு காலத்தில் சின்ன மருதுவோடு பழகி அவரிடமே வளரி என்ற எறி ஆயுதத்தை வீசக் கற்றவர், 1818-இல் பினாங்குக்குப் போகிறார். தளர்ந்த கிழவர் ஒருவர் அவரைத் தேடி வந்து நிற்கிறார். யாரென்று வெல்ஷுக்குத் தெரியவில்லை. கேட்டதற்கு "துரைசாமி" என்கிறார் அவர். இதை வெல்ஷே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கிழவருக்கு அப்போது முப்பது சொச்சம் வயதுதான். தன் தகப்பனையும் தன் பிள்ளைப் பிராயத்தையும் அறிந்த ஓர் ஆள் அந்தத் தீவில் இறங்கியிருக்கிறான். அவன் எதிரிப் படையில் இருந்தவனாக இருந்தாலும், தேடிப் போய்த் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். நாடிழந்தவருக்கு அந்தத் தாகம் அப்படிப்பட்டது. 'நீ யார் என்று எனக்குத் தெரியும்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

உங்களுக்கு அந்த ஆள் யார் என்று யோசித்துப் பாருங்கள். மன்னாரில் உங்களை ஐந்து வயதுப் பிள்ளையாகப் பார்த்தவர்கள் இன்று எத்தனை பேர் மிச்சமோ. ஆனால் பதினொரு வயது முதல் உங்களைத் தெரிந்த ஒருத்தி சென்னையில் இருக்கிறாள். அதனால் இந்தச் சிநேகத்தை விட்டுவிடாதீர்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். ஆனால் இப்போது இருக்கும் மாதிரியே வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தபோது ஒன்று உறுத்தியது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் உங்கள் வீட்டுக்கு வந்ததாக ஒரு வரி இல்லை. நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள், கல்யாணத்துக்கு, படைப்புக்கு, பலகாரம் சுட, பிறகு கூட்டித் துடைக்க. மனகோலமும் சீப்புச் சீடையும் பிழியக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் கையால் அவித்த புட்டும் சொதியும் அவர் சாப்பிட்டிருக்கிறாரா? முகாமில் தடுப்புக்குத் தடுப்பு ஒரு சேலையைக் கட்டிக் குடும்பம் நடத்திய காலத்தில் யாரையும் கூப்பிடக் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். புரிகிறது. ஆனால் ஒரு பக்கம் எப்போதும் விருந்தாளி, மறுபக்கம் எப்போதும் வீட்டுக்காரி என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடினால், வீட்டுக்காரியின் அன்பே விருந்தாளிக்குப் பாரமாகிவிடும். அதோடு மாதச் சம்பளமும் சேர்ந்துவிட்டது. "இதுதான் உன் வீடு" என்று, கூலி வாங்கிக்கொண்டு துடைக்கிற வீட்டைக் காட்டிச் சொன்னால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். அவர் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியப்போவதுமில்லை.

ஆகவே முதல் வேலை, 2006-இல் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லுங்கள். ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தியிலிருந்து எழுந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கடைசி டவுன் பஸ்ஸுக்கு ஓடியது எதற்காக என்று சொல்லுங்கள். ஆள் எண்ணும்போது இல்லாவிட்டால் உதவித்தொகை நிற்கும், கியூ பிரிவுப் போலீஸ்காரர்கள் கேள்வி கேட்பார்கள், வெளியே ஓர் இரவு தங்க அனுமதி வேண்டும் என்பதெல்லாம் முகாமுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி வாழ்கிறவர்களுக்கே தெரியாது. அவமானமாக இருக்கிறதே என்று அவரிடமிருந்து மறைத்தீர்கள். பதிலுக்கு அவர் இருபது வருடமாக, சிநேகிதி தன் கல்யாணத்தை மதிக்கவில்லை என்று ஒரு மனக்குறையைச் சுமக்கிறார். அவருக்கும் அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. போனில் வேண்டாம், நேரில் சொல்லுங்கள். அடுத்து ஊருக்கு வரும்போது உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். முகாம் தலைவரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய சமையல் தேவையில்லை. அப்பா தேங்காய் திருவ, மகள் பரிமாற, உங்கள் வீட்டில் உங்கள் பேச்சில் பேசிக்கொண்டு சாப்பிட வையுங்கள்.

அந்த மூவாயிரத்தைப் பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள், உழைப்புக்கு உரிய கூலி அது. அதை வேலை என்றே இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளுங்கள். தொகை போதாது என்று நினைத்தால் அதையும் சொல்லுங்கள். உதவியா சம்பளமா என்று தெரியாமல் வருகிற பணம்தான் சிநேகத்தைக் கெடுக்கும்.

இனி ஊருக்குத் திரும்பும் விஷயம். 'எல்லாரும் போவதா வேண்டாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில் அது ஒரே முடிவு இல்லை. அப்பாவுக்கு ஒன்று, உங்களுக்கும் கணவருக்கும் ஒன்று, மகளுக்கு ஒன்று. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாமல் இருக்கிறீர்கள்.

அப்பாவோடு தனியாக உட்கார்ந்து கேளுங்கள். 'போக வேண்டும்' என்பதில் அவருக்கு எது வேண்டும்? காணியா, கோயிலா, கூடப் பிறந்தவர்களா, அல்லது அந்த மண்ணில் எரிய வேண்டும் என்பதா? அம்மா இங்கே போய்ச் சேர்ந்ததைப் பற்றி என்ன நினைக்கிறார்? செத்தவருக்குக் கருமாதி செய்து முடிக்கிறோம். போன ஊருக்கு அப்படி ஒன்றும் கிடையாது, அதனால் அந்தத் துக்கம் முப்பத்தைந்து வருடமாக முடியாமலே நிற்கிறது. ஊரைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தாலே சில பெரியவர்களுக்குப் பாதி ஆறுதல் வந்துவிடும். சிலருக்குப் போனால்தான் தீரும். இவர் எந்த ரகம் என்று கேட்டால்தான் தெரியும்.

போவதென்றால் ஆயத்தத்தோடு போகட்டும். காணி உறுதி (நிலப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது, இப்போது அங்கே யார் குடியிருக்கிறார்கள், அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்பதைத் தம்பி பிரதேச செயலகத்தில் பார்த்துச் சொல்லட்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழின் நகலையும் அவரே எடுத்து அனுப்பலாம். முகாம் பதிவை முடித்துக்கொண்டு வெளியேறும் அனுமதி வாங்கிப் போனவர், சரிப்படாவிட்டால் பழையபடி முகாமுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடக் கூடாது. மறுபடி வருவதென்றால் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். 2025-இல் திரும்பிப் போன ஒரு முதியவரை, முன்பு அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனார் என்று யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்த செய்தியைப் படித்திருப்பீர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. 74 வயது மனிதர் தனியாகப் போய் இறங்க வேண்டாம், தாள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும், இறங்குகிற இடத்தில் தம்பி நிற்க வேண்டும். சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்குத் தாள்கள் விஷயத்தில் நீண்ட அனுபவம் இருக்கிறது. அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

நீங்கள் இங்கேயே இருப்பதென்றாலும் அதில் தவறில்லை. இந்திய அரசு 2025 செப்டம்பரில் ஓர் ஆணை போட்டது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லை என்பதற்காகத் தண்டனைக்கு ஆளாக மாட்டார்கள். பெரிய நிம்மதிதான், ஆனால் குடியுரிமை ஆகாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத்தான் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்குப் பிந்திப் பிறந்த உங்கள் மகளுக்கு இங்கே பிறந்ததால் மட்டும் அது கிடைக்காது. அதே சமயம், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதிந்து இலங்கைக் குடியுரிமைச் சான்று வாங்கவில்லை என்றால் அவளுக்கு எந்த நாட்டுத் தாளும் இருக்காது. இதைத் தள்ளிப் போடாதீர்கள். பதிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முகாம்களில் ஒரு பயம் இருக்கிறது. சான்று வாங்குவது வேறு, ஊர் திரும்புவது வேறு.

சிநேகிதியிடம் ஒன்று கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள், விமானமும் இருக்கிறது. போய் உங்கள் ஊரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். உதவியாகக் கேட்காதீர்கள். உங்கள் தம்பி வீட்டுக்கு விருந்தாளியாக, உங்கள் பெயரைச் சொல்லி அழையுங்கள். தம்பி மனைவி மீன் குழம்பு வைக்கட்டும், அவர் சைவம் என்றால் கீரையும் பருப்பும் போதும். அப்பாவின் காணியில் நின்று அவர் வீடியோ அழைப்பில் வந்தால், கிணறு இருக்கிறதா, பனை எத்தனை மிச்சம் என்று அப்பாவே கேட்டுக்கொள்வார். உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி 'உன் வீடு எது' என்று பேசினால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். நேரமில்லை, வசதிப்படவில்லை என்று மறுத்தாலும் மறுக்கலாம், குடும்பஸ்தி. அழைத்தது நீங்கள் என்பது நிற்கும்.

என் வீடு எது என்ற கேள்வியையும் நான் தாண்டிப் போகவில்லை. உங்களுக்கு மன்னாரும் வீடு, முகாமும் வீடு. இரண்டில் ஒன்றைச் சொல் என்று உங்களை நெருக்க அப்பாவுக்கும் உரிமை இல்லை, சிநேகிதிக்கும் இல்லை. அந்தச் செட்டிநாட்டு வீடு உங்கள் வீடு இல்லை. அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளலாம், அதனால் சிநேகம் குறையாது. அங்கே ஒரு ராத்திரி படுத்து எழ ஆசையாக இருந்தால் அனுமதி எழுதிக் கொடுத்து, அவர் வந்திருக்கும்போது தங்குங்கள். கல்யாணத்தில் விட்ட பேச்சை அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்று அதில் இல்லை. இருபது வயதுப் பெண், பார்க்காத ஊரை 'நம்ம ஊர்' என்று சொல்லி வளர்ந்தவள். முகாம் முகவரியைக் கல்லூரியில் சொல்லத் தயங்கியிருப்பாள். அவளுக்கும் ஒரு சிநேகிதி இருப்பாள், அவளிடமும் ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டிருப்பாள். அப்பாவின் விஷயம் முடியட்டும் என்று காத்திராமல் இந்த வாரமே கேளுங்கள். அவள் விரும்பினால் என்னிடம் தனியாக எழுதட்டும், அல்லது காரைக்குடியில் நேரில் வரட்டும். நீங்கள் கூட வர வேண்டாம்.